பாரியிலை அடிச்ச பிறேக்

வசியைப் பொய்யன் எண்டு சொல்லக்கூடாது. பொய் எண்டால் அது உண்மைக்குப் பக்கத்து வளவிலையாவது குடியிருக்கவேணும். வசி சொல்லுறதுகள் வேறை நாட்டிலை, அதுவும் விசா இல்லாமல் இருக்கிறதுகள்.

இதை யோகன் தன்ரை கலியாணத்தண்டே கண்டுபிடிச்சவன். பொம்பிளையோடை சேத்துப் பொம்பிளையின்ரை தம்பி வசியும் வந்து சேந்தவன். கொலிஜைப் பாதியிலை விட்டுப்போட்டு இப்ப யோகன்ரை கார் திருத்துற கராச்சிலைதான் நிப்பு. என்ன வேலை எண்டு ஆரும் கேட்டால் "மனேஜ்மென்ற்" எண்டுவான். கோப்பி வாங்கிக்கொண்டு வருவான். பேந்து சுவரிலை சாஞ்சு நிப்பான். சாஞ்சு சாஞ்சு சுவரிலை அவன்ரை தோள் அளவுக்கு ஒரு கறுப்பு அடையாளம் விழுந்துபோச்சு.

நவம்பர் கடைசி. ஸ்காபரோவிலை ஒரு பிளாசாவுக்குப் பின்பக்கம் இருக்கிற அந்தக் கராச்சுக்கு, பின்னேரம் போலை சறோ அன்ரி தன்ரை ஜீப்பைக் கொண்டுவந்து விட்டா. போன கோடை வெயிலுக்கு வாங்கின புது ஜீப். நாலு சில்லும் இழுக்கிற ஓல் வீல் டிரைவ். ஒயில் மாத்தவேணும், கண்ணாடிக்கு அடிக்கிற தண்ணி நிரப்பவேணும், அவ்வளவுதான் எண்டா.

"எங்கையன்ரி பயணம்?"

"நாளைக்கு விடிய சட்பெரிக்கு. மகள் சங்கவிக்கு நாள் கிட்டிட்டுது. தலைப்பிள்ளை. நான் போய்த்தான் சரக்கரைச்சுப் பத்தியக்கறி வைச்சுக் குடுக்கவேணும். மருமோனுக்கு மிளகு எது, கடுகு எது எண்டு தெரியாது."

ஜீப்பின்ரை பின் சீற்றிலை சரக்குச் சாமான் பொதி பொதியா ஏத்தியாச்சு. உள்ளி மணம் கராச்சின்ரை கிறீஸ் மணத்தையே அமத்திப்போட்டுது.

யோகன் குனிஞ்சு ரயரைப் பாத்தான். பாத்திட்டு நிமிர மனமில்லாமல் அப்பிடியே இருந்தான். இரவைக்கு வடக்குப் பக்கம் ஸ்னோ கொட்டப்போகுது எண்டு ரேடியோ காலமை தொடக்கம் கத்துது.

"அன்ரி, இது ஓல் சீசன் ரயர். இதோடை சட்பெரிக்குப் போகாதையுங்கோ. குளிருக்கெண்டு வாற வின்ரர் ரயர் போட்டு விடுறன்."

"புது ரயர் தம்பி! அதிலை இருக்கிற றப்பர் முள்ளுக்கூட இன்னும் தேயேல்லை. கோயிலுக்குக் கொண்டுபோய் ஐயர் பூசை செய்து, நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைச்சு நசிச்சது."

"ஓம் அன்ரி. ஆனா குளிர் ஏழு பாகைக்குக் கீழை போனால் இந்த றப்பர் இறுகிப்போம். பேந்து றோட்டைப் பிடிக்காது."

"அதுக்குத்தானே ஓல் வீல் டிரைவ். நாலு சில்லும் இழுக்கும் எண்டு விக்கேக்கை சொன்னவங்கள்."

"இழுக்கும் அன்ரி. நிப்பாட்டாது. வெளிக்கிடுறதுக்குத்தான் அது. பிறேக் அடிச்சால் எல்லாக் காரும் ஒண்டுதான், ரயர்தான் நிப்பாட்டவேணும்."

சறோ அன்ரி யோகனை மேலையும் கீழையும் பாத்தா. கலியாணவீட்டுப் பலகாரத்துக்கு ஓடர் எடுத்தெடுத்தே முப்பது வருஷம் இந்த ஊரிலை சீவிச்ச மனிசி. ஆர் என்னத்தை எதுக்குச் சொல்லுறான் எண்டு மூக்காலையே பிடிப்பா.

"தம்பி, நீ ரயர் விக்கிறனி. ரயர் விக்கிறவன் ரயர் வேணும் எண்டுதான் சொல்லுவான். நான் பலகாரம் விக்கிறனான். பயித்தம்பணியாரம் இல்லாமல் கலியாணம் நடக்காது எண்டு நானும் சொல்லுறனான்தானே."

உண்மையிலை உள்ள கரைச்சல் இதுதான். ரயர் வைச்சிருக்கிறவன் சொன்னால் அது வியாபாரம். வைச்சிராதவனுக்கு அது தெரியாது. மனிசி விடியக் கருக்கலிலை தனிய வெளிக்கிடும், நானூறு கிலோமீற்றர், உறைஞ்ச றோட்டு. அங்கை ஒரு பிள்ளை வயித்தோடை பாத்துக்கொண்டு இருக்குது. யோகன் துணியிலை கையைத் துடைச்சான். கை சுத்தமாத்தான் இருந்தது.

அப்பதான் சுவரிலை இருந்து ஒரு குரல் வந்தது.

"அன்ரி சொல்லுறதுதான் சரி, அத்தான்."

யோகன் திரும்பிப் பாத்தான். வசி.

"வின்ரர் ரயர் தேவையே இல்லை. நான் போன வருஷம் கூட்டாளியின்ரை ஜீப்பிலை சட்பெரிக்குப் போனனான். இதே ஜீப், இதே ஓல் சீசன்."

சறோ அன்ரிக்கு முகம் மலர்ந்துபோச்சு. "பாத்தியே! போய்ச் சேந்தனிதானே?"

"சேந்தனான். எப்பிடிச் சேந்தனான் எண்டதுதான்..."

மூலைக் கதிரையிலை, தன்ரை காருக்கு ஹீற்றர் பாக்க வந்து குந்தியிருந்த பேரம்பலத்தார் பேப்பரை மடிச்சு மடியிலை வைச்சார். முந்தி ரக்சி ஓடின மனிசன். ஆர் கதை தொடங்கினாலும் மீற்றர் போட்டுக் கேள்வி கேப்பார்.

"தொடங்கிட்டான்," எண்டார்.

"பாரி ரவுணுக்கு இஞ்சாலையே குளிர் பிடிச்சிட்டுது," எண்டான் வசி. "றப்பர் இறுகிக்கொண்டு வருது. முதல் கருங்கல்லு மாதிரி வந்தது, சரி எண்டு விட்டிட்டன். பேந்து குளம்பு மாதிரி வந்திட்டுது. றோட்டிலை டக்கு டக்கு, டக்கு டக்கு எண்டு சத்தம். ஒரு வெள்ளைக்காரக் கிழவன், ஆரோ குதிரையிலை வருகினம் எண்டு நினைச்சு வைக்கல் கட்டோடை வீட்டாலை ஓடியந்தவன்."

"வைக்கலை என்ன செய்தனி?" பேரம்பலத்தார் கேட்டார்.

"மரியாதைக்கு வாங்கிப் பின்னுக்குப் போட்டனான் ஐயா. மறுத்தால் மனம் நோகுமெல்லே."

"நாலு ரயரும் சத்தம் போட்டதோ?"

"நாலும். ஓல் வீல் டிரைவ் எல்லே? ரெண்டு சில்லு இழுக்கிற காரெண்டால் ரெண்டு கால்தான் சத்தம் போடும். கோழி எண்டு நினைச்சு அரிசி கொண்டு வந்திருப்பான்."

சறோ அன்ரிக்குச் சிரிப்பு வரேல்லை. கைப்பையைத் தோளிலை சரியாக் கொளுவினா. "சரி, சத்தம் போட்டால் போடட்டும். ஓடினதுதானே?"

"ஓடினது அன்ரி, அதிலை குறை சொல்லேலாது. என்ன ஓட்டம் தெரியுமே? நாலு சில்லும் பிள்ளையள் மாதிரி முந்துது. எனக்குக் கோப்பி குடிக்கவேணும் போலை இருந்தது. கடையைக் கண்டிட்டுப் பாரியிலை பிறேக் அடிச்சன்."

நிப்பாட்டி ஒரு மூச்சு விட்டான்.

"நிண்டது பிரெஞ்ச் றிவரிலை."

பாரிக்கும் பிரெஞ்ச் றிவருக்கும் நடுவிலை இருநூறு கிலோமீற்றருக்கு மேலை எண்டு பேரம்பலத்தாருக்குத் தெரியும். அவர் விரலாலை எண்ணத் தொடங்கிப்போட்டு, விரல் காணாமல் விட்டிட்டார்.

"பிறேக்கிலை இருந்து காலை எடுக்கேல்லை ஐயா. நூற்றிப் பத்திலை வழுக்கிக்கொண்டு போறன். பின்னாலை பொலிஸ் லைற்றைப் போட்டுக்கொண்டு வந்திட்டான். அவனுக்கும் ஓல் வீல் டிரைவ். அவனும் பிறேக்கிலைதான் நிக்கிறான். வழுக்கி வழுக்கி எனக்குப் பக்கத்திலை வந்திட்டான். ரெண்டு பேரும் கண்ணாடியை இறக்கினம். ஏன் இந்த ஸ்பீட்டிலை போறாய் எண்டான். நான் நிப்பாட்டிக்கொண்டு போறன் ஒபிசர் எண்டன். நானும்தான் எண்டான்."

"பொலிஸ்காரங்கள் வின்ரர் ரயர் எல்லே போடுவங்கள்?" பேரம்பலத்தார் விடேல்லை.

"நானும் அதைத்தான் கேட்டனான். தேவையில்லை எண்டு அவன்ரை மாமி சொன்னவவாம்."

சறோ அன்ரி வசியைப் பாத்தா. வசி ஜீப்பைப் பாத்தான்.

"எழுதின ரிக்கெற்றை நீட்டினான், வாங்கினன். பேந்தும் வழுக்குது. என்ன செய்யிறது, கதைச்சம். பிள்ளையளின்ரை படம் காட்டினான். மூத்தவளுக்கு வாற ஆவணி கலியாணமாம். நிண்ட இடத்திலை என்னைக் கட்டிப்பிடிச்சுப்போட்டுத்தான் போனவன். கலியாணத்துக்கும் சொன்னவன். போகேல்லை, மரக்கறிச் சாப்பாடாம்."

யோகன் ஜீப்பின்ரை பொனற்றைத் திறந்து தலையை உள்ளுக்கு விட்டான். ஒயில் பாக்கிறதுக்கில்லை, சிரிப்பை மறைக்கத்தான். ஆனா விளையாட்டா முடியிற விசயமில்லை இது. வெளியிலை வானம் சாம்பலா இறங்கிக்கொண்டு வருது.

சறோ அன்ரி ஆரும் எதிர்பாக்காத ஒண்டைச் சொன்னா.

"சரி யோகன், உன்ரை மனத்துக்குக் குறை வேண்டாம். முன்னுக்கு ரெண்டு வின்ரர் ரயர் போட்டுவிடு. பின்னுக்குக் கிடக்கிறது கிடக்கட்டும். புதுச்சாமானைக் கழட்டி எறிய எனக்கு மனம் வராது."

யோகன் தலையை வெளிய எடுத்தான். பொனற்றிலை இடிபட்டுது. ரெண்டு ரயர் எண்டது ஒண்டும் போடாததை விடப் பொல்லாதது. முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கும், வாகனம் பம்பரம் மாதிரிச் சுத்தும். ஆனா நாலு போடு எண்டு இப்ப அவன் சொன்னால் அது இன்னும் பெரிய வியாபாரம். பிறகு வசியைப் பாத்தான். கலியாணம் கட்டின நாள் தொடக்கம் அந்தப் பார்வையை அவன் மச்சான் பக்கம் திருப்பினதே இல்லை. உதவி கேக்கிற பார்வை.

வசி சுவரை விட்டு முன்னுக்கு வந்தான். அதுவே ஒரு செய்திதான்.

"கெட்டித்தனம் அன்ரி. நானும் அதைத்தான் செய்தனான். திரும்பி வாறதுக்கு முன்னம் சட்பெரியிலை முன்னுக்கு ரெண்டு போட்டன். மிச்சம் பிடிச்சன் எண்டு பெரிய சந்தோசம்."

"பேந்தென்ன?"

"வளைவிலை பிறேக் அடிச்சன். முன்பக்கம் வடிவா நிண்டுது. நான் நிண்டது பின்பக்கத்துக்குத் தெரியாது அன்ரி. ஆரும் சொல்லேல்லை. அது வந்த வேகத்திலை என்னைத் தாண்டிக்கொண்டு போட்டுது. நான் திரும்ப வெளிக்கிட்டு ஓடுறன், முன்னாலை ஒரு ஜீப் ஆமை மாதிரிப் போகுது. எனக்குக் கோவம் வந்திட்டுது. ஹோர்ன் அடிச்சன். விலகுறானே? லைற் அடிச்சன். விலகேல்லை. வாயிலை வந்ததெல்லாம் பேசிப்போட்டுக் கிட்டப் போய்ப் பாத்தால் என்ரை நம்பர் பிளேற்."

பேரம்பலத்தாருக்குக் கோப்பி மூக்காலை வந்தது. இருமி முடிச்சுப்போட்டு, "அப்ப ஹோர்ன் அடிச்சது உனக்குக் கேட்டதோ?" எண்டார்.

"கேட்டது ஐயா. எவனோ விசரன் பின்னாலை வாறான் எண்டு நானும் விலகேல்லை."

சறோ அன்ரி சிரிக்காமல் இருக்கச் சேலைத் தலைப்பாலை வாயைப் பொத்தினா. ஆனா கண் ஜீப்பின்ரை பின்சில்லிலைதான் நிண்டது. அங்கைதான் சரக்குப் பொதி இருக்கு. அது தன்னைத் தாண்டிக்கொண்டு போறதை அவ கொஞ்சம் நினைச்சுப் பாத்திருக்கவேணும்.

"அப்ப நாலு போட்டால்?" மெல்லமாத்தான் கேட்டா.

யோகன் பொனற்றை மெல்லச் சாத்தினான்.

"நாலு போட்டால் அது வேறை கரைச்சல்," எண்டான் வசி. முகத்திலை ஒரு சுருக்கமும் இல்லை. "அடுத்த முறை நாலும் போட்டுக்கொண்டு போனனான். நடு றோட்டிலை ஒரு மூஸ். மானும் எருமையும் கலந்து எங்கடை வீட்டுக் கூரை உயரத்துக்கு நிக்குமெல்லே, அது. பிறேக் அடிச்சன். அதின்ரை மூக்குக்கும் என்ரை பொனற்றுக்கும் நடுவிலை ஒரு பப்படம் போகாது, அவ்வளவு கிட்ட நிண்டுது. மூஸுக்குப் புதினம். முந்தி ஒருத்தரும் நிண்டதில்லை. குனிஞ்சு என்ரை ரயரைப் பாத்துது. வின்ரர் ரயருக்கு அடிக்கிற, மலைக்குள்ளை ஸ்னோப் பூ கீறின அடையாளம் இருக்கோ எண்டு."

"இருந்ததோ?"

"இருந்தது. மற்றப் பக்கமும் சுத்திப் போய் நாலு ரயரிலையும் பாத்துது. பாத்திட்டுத் தலையை ஆட்டிப்போட்டு விலகிச்சுது."

"மூஸுக்கு உது எப்பிடியடா தெரியும்?"

"அதின்ரை சீவியமே அதிலைதானே ஐயா இருக்கு. உங்களுக்கும் எனக்கும்தான் தெரியாது."

பேரம்பலத்தாரின்ரை மீற்றர் நிண்டுபோச்சு. அந்த வருஷத்திலை அவருக்கு இப்பிடி நடந்தது அதுதான் முதல் தரம்.

வசிக்கு அது உசார். கையை ரெண்டு பக்கமும் விரிச்சான்.

"கரைச்சல் எண்டது என்ன தெரியுமே அன்ரி? பிடி கூடிப்போச்சு. பேந்து ஒரு நாள் ஒரு சிவத்த லைற்றுக்குக் கொஞ்சம் இறுக்கி அடிச்சிட்டன். ஜீப் நிண்டுது. றோட்டை விடேல்லை. றோட்டு நிலத்தை விடேல்லை. உலகம் சுத்திக்கொண்டு இருக்கிறது தெரியுந்தானே? அது ஒரு தரம் திடுக்கிட்டு இழுபட்டுப்போய் நிண்டுது. சூரியன் நிண்ட இடத்திலை நிக்குது. வீட்டிலை அக்கா புட்டு அவிக்கேக்கை தண்ணி வத்தி அடிப்பிடிச்சுப்போச்சு. அத்தானைக் கேளுங்கோ, கரிஞ்ச புட்டுச் சாப்பிட்டவர்."

புட்டுக் கரிஞ்சது உண்மைதான். வசியின்ரை அக்கா ஃபோன் கதைச்சுக்கொண்டு நிண்டவள். யோகன் தலையை ஆட்டினான். வேறை என்ன செய்யிறது.

"ஒரு மணித்தியாலம் அப்பிடியே நிண்டுது," எண்டான் வசி. "பச்சை விழுந்தாப்பிறகு காலை எடுத்தன், திரும்பச் சுத்த வெளிக்கிட்டுது. ஒட்டாவாவிலை மணிக்கூடெல்லாம் பிழைச்சுப்போச்சு. அண்டைக்குத்தான் நாடு முழுக்க நேரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினது. நவம்பரிலை எங்கடை மணிக்கூட்டை மாத்துறம் எல்லே? ஏன் மாத்துறம் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறியள்?"

"விசரா!" பேரம்பலத்தார் கதிரையை விட்டு எழும்பிட்டார். "நீ பிறக்க முந்தியே இஞ்சை நேரம் மாத்துறாங்கள்!"

"நான் எந்த வருஷம் எண்டு சொன்னனானே ஐயா?"

பேரம்பலத்தார் திரும்பக் கதிரையிலை குந்தினார்.

சறோ அன்ரி ஜீப்பை ஒருக்காச் சுத்தி வந்தா. பின்கதவைத் திறந்து உள்ளிப் பொதியை எடுத்து மணந்து பாத்தா, திரும்ப வைச்சா. கதவைச் சாத்தினா. பேந்து யோகனுக்குக் கிட்ட வந்து நிண்டா.

"நாலும் போடு."

யோகன் நம்பாமல் பாத்தான். "அன்ரி, உவன் சொன்னதை நம்பிட்டியளே?"

"எனக்கென்ன விசரே? உவன்ரை கதையிலை ஒரு சொல்லும் நம்பேல்லை." அன்ரி கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்துத் துடைச்சா. "ஆனா தம்பி, ஏமாத்திறவன் நம்பக்கூடிய பொய்யெல்லே சொல்லுவான். நம்பேலாத பொய்யை இவ்வளவு கஷ்டப்பட்டு ஒருத்தன் நிண்டு சொல்லுறான் எண்டால் உனக்கு வியாபாரம் நடக்கவேணும் எண்டு சொல்லேல்லை. நான் உயிரோடை போகவேணும் எண்டுதான் சொல்லுறான்."

வசி முதல் தரமா நிலத்தைப் பாத்தான். காது சிவந்திட்டுது. யோகன் போய்ப் பின்னறையிலை இருந்து நாலு ரயரையும் உருட்டிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு ரயரிலையும் மலைக்குள்ளை ஸ்னோப் பூ இருந்தது. சறோ அன்ரி மூஸ் மாதிரியே குனிஞ்சு நாலையும் பாத்தா.

ரயரும் ஒயிலும் மாத்தி முடிய வெளியிலை இருட்டிப்போச்சு. முதல் ஸ்னோ மெல்ல விழத் தொடங்கிட்டுது. யோகன் கடைசி நட்டை இறுக்கி ஜீப்பைக் கீழை இறக்கினான். அவனுக்கு இப்பதான் பசி எடுத்தது.

சறோ அன்ரி ஜீப் திறப்பை எடுத்து வசியின்ரை முன்னாலை நீட்டினா.

"விடியக் கருக்கலிலை வீட்டை வா. நீதான் ஓடுறாய். உலகத்தையே நிப்பாட்டினவன் இருக்கேக்கை நான் ஏன் கஷ்டப்படுவான்?"

வசி திறப்பைத் தொடேல்லை. கோப்பிக் கப்பைத் தேடினான். அது வெறுங்கப்.

யோகனுக்கு அவனைக் காப்பாத்தவேணும் போலைதான் இருந்தது. ஆனா நாளைய றோட்டை நினைச்சான். "அன்ரி, அவனுக்கு லைசென்ஸ் இல்லை," எண்டான். "எழுத்துச் சோதினை மட்டுந்தான் பாஸ். ஓடிக் காட்டுற சோதினை பாஸ் பண்ணேல்லை."

பேரம்பலத்தார் பேப்பரை மெல்லமா விரிச்சு முகத்தை மறைச்சுக்கொண்டார். பேப்பர் ஆடினது.

"அத்தான் சொல்லுறது சரிதான் அன்ரி," எண்டான் வசி. குரல் கொஞ்சமும் தளம்பேல்லை. "ஆனா ஃபெயில் இல்லை. சோதினை பாக்க ஒபிசர் ஒருத்தர் பக்கத்திலை ஏறினவர். நாலு வின்ரர் ரயரும் போட்ட ஜீப். நிப்பாட்டு எண்டார், நிப்பாட்டினன். ஜீப் நிண்டுது, அவர் நிக்கேல்லை. முன்கண்ணாடியாலை வடக்குப் பக்கம் போனவர், இன்னும் திரும்பி வரேல்லை. அவர் வந்துதான் கையெழுத்து வைக்கவேணும். பாத்துக்கொண்டு இருக்கிறன்."

சறோ அன்ரி திறப்பைத் திரும்பக் கைப்பைக்குள்ளை போட்டா. ஜீப்பிலை ஏறி, சீற்றைச் சரி பண்ணி, பெல்ற்றைக் கொளுவினா. கண்ணாடியை இறக்கினா.

"நான் அந்தப் பக்கம்தானே போறன். வழியிலை உன்ரை ஒபிசரைக் கண்டால் ஏத்திக்கொண்டு வாறன்."